சும்மா இருந்த கையின் படம்

விஜயாவின் வலது மணிக்கட்டு சத்தம் போடும் என்பது தேயிலை எஸ்டேட்டின் ஐந்தாம் டிவிஷனில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து வெட்டும் கத்தரியை அவள் இறுக்கிப் பிடித்தால் போதும், உள்ளே ஏதோ ஒரு எலும்பு இடம் மாறி 'டக்' என்று கேட்கும். பக்கத்து நிரையில், அடுத்த செடி வரிசையில் நிற்கிறவளுக்கும் அது கேட்கும்.

"வந்துட்டாப்பா சொடக்கு மகராசி" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

முதலில் அந்தச் சிரிப்பில் பிரியம்தான் இருந்தது. ஆறு மாதம் போனபிறகு அதில் வேறு ஏதோ கலந்துவிட்டது.

குந்தா போகும் சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது அந்த எஸ்டேட். விஜயா இலங்கையிலிருந்து கப்பலில் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அம்மாவின் மடியில் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு எதுவும் ஞாபகமில்லை என்பாள். அதுவும் அம்மா சொல்லிக் கேட்டதுதான். பதினேழு வயதில் கூடை மாட்டினாள். பிறகு கூடை போய்க் கத்தரி வந்தது. இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து நறுக்க நறுக்க, கொழுந்து கத்தரியோடு சேர்ந்த தட்டில் விழும். நாளெல்லாம் அதைச் செய்ய மணிக்கட்டு வேண்டும். விஜயாவுக்கு அது இருந்தது. டிவிஷனில் வேகமாக நிரை முடிக்கிறவர்கள் இரண்டு பேர்தான், ஒருத்தி அவள், இன்னொருத்தி அவளுடைய சிநேகிதி பாலாமணி.

மஸ்டர் கொட்டகையில், காலையில் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கிற இடத்தில், ஒரு கரும்பலகை உண்டு. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று மேலே பெயின்டில் எழுதியிருக்கும். கீழே தினமும் சாக்பீஸால் ஒரு எண். யாராவது தோட்டத்தில் விழுந்து அடிபட்டு, அது ரிஜிஸ்டரில் ஏறினால், எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஐந்நூறு ஆனால் டிவிஷனில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்பளி என்று மேனேஜர் அறிவித்திருந்தார். அதற்குப் பிறகு அந்த டிவிஷனில் விபத்து நடப்பது நின்றுவிட்டது. விழுவது நிற்கவில்லை. விழுந்தவர்களைப் பெண்கள் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டார்கள். காயத்துக்குக் காப்பித்தூள். கால் பிசகினாலோ தோள் இறங்கினாலோ பாலாமணி. இறங்கின மூட்டை இழுத்து ஏற்றிவிடுவதில் அவளுக்கு நல்ல கை.

விஜயா விழுந்த அன்று பலகையில் 492.

காலையிலிருந்து சாரல். நிரை முடிந்து அடுத்த நிரைக்குச் சரிவில் இறங்கும்போது கால் வழுக்கியது. கத்தரியை விட்டுவிட்டு வலது கையை ஊன்றினாள். உடம்பின் பாரம் முழுவதும் அந்த உள்ளங்கையில் இறங்கி, கை பின்னால் மடங்கியது. எழுந்து பார்த்தபோது மணிக்கட்டின் உள்பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ முண்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன.

பாலாமணி ஓடிவந்து கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எறங்கிருச்சு புள்ள. அசையாத."

"மணியக்கா, வெரலெல்லாம் செத்த மாதிரி இருக்குது."

"உசுரு வரும், இரு. ஏனுங்க சுகந்தியக்கா, இவ முழங்கையப் புடிங்க. அய்யோன்னு கத்துனீன்னா அறைஞ்சிருவேன், மேல மேஸ்திரி நிக்கறாரு."

விஜயா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பாலாமணி அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். இழுத்தபடியே தன் கட்டைவிரலை அந்த முண்டின்மேல் வைத்து அழுத்தினாள். 'டக்.' அது உள்ளே போனது. விரல்களுக்கு மெல்ல உணர்ச்சி திரும்பியது.

"போயிருச்சு பாத்தியா? டாக்டரு இதத்தான் அரை நாள் செய்வாரு."

சுற்றி நின்றவர்கள் யாரும் கலையவில்லை. எல்லோரும் விஜயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"எட்டு நாளுதானே இருக்குது" என்றாள் அவள். "எழுத வேண்டாம்."

மேலே நின்ற மேஸ்திரி இசக்கிமுத்து குரல் கொடுத்தார். "என்னங்கம்மா அங்க கூட்டம்?"

"வெத்தல போடறமுங்க!" என்றாள் பாலாமணி.

"ஒரு வெத்தலைக்கு ஏழு வாயா?" என்றார் அவர். விஜயாவின் முழங்கைவரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "மழ வலுக்கறதுக்குள்ள முடிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எட்டாம் நாள் கம்பளி கொடுத்தார்கள். சாம்பல் நிறம், பச்சைக் கரை, நல்ல கனம். டிவிஷன் முழுவதும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. விஜயா முன்வரிசை. கம்பளியை இடது கையால் அணைத்து, வீங்கிய வலது கையை அதற்கு அடியில் மறைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்த ஆபீஸ்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

வீக்கம் வடிந்தது. வலி போகவில்லை. மணிக்கட்டின் மேல்பக்கம், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு சின்னப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. துணி பிழிய முடியவில்லை. களி கிண்டும்போது துடுப்பு கையிலிருந்து நழுவியது. சொடக்குச் சத்தம் ஆரம்பித்தது அப்போதுதான். கத்தரியைத் திறக்கும்போது வலியில்லை; மூடும்போது, இறுக்கும்போதுதான் உயிர் போகும்.

எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனாள். கம்பவுண்டர் பெனிஸ் நல்ல மனுஷன். ஆனால் முதலில் நோட்டுப் புத்தகத்தைத்தான் திறப்பார்.

"எங்கம்மா விழுந்தீங்க?"

கம்பளி வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. இப்போது தோட்டத்தில் என்று சொன்னால் முப்பத்தெட்டுப் பெண்களும் அவளைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஊட்லதாங்க. வாசல்ல வழுக்கிட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். சுளுக்கு என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். களிம்பு தீர்ந்தது. மறுபடி போனாள். மறுபடி களிம்பு. நாலாவது தடவை அவரே சலித்துப்போய்க் குன்னூரில் ஒரு எக்ஸ்ரே கடைக்குச் சீட்டு எழுதினார்.

படம் எடுக்கப் போகிறோமே என்று விஜயா அதற்கு முன் இரண்டு நாள் லீவு போட்டுக் கையைத் தொட்டிலில் போட்ட பிள்ளைபோல வைத்திருந்தாள். அங்கே இருந்தவர் அவள் கையைப் பலகையில் விரித்து வைத்தார். "லூசா விடுங்கம்மா. இறுக்காதீங்க. அசையாதீங்க" என்றார். அவளும் சொன்னபடியே செய்தாள். அவள் வாழ்க்கையில் அந்தக் கை அவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நிமிஷமாகத்தான் இருக்கும்.

ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவளை ஒரு வருடம் ஓட்டினார்கள். அவள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நர்சரியில் உட்கார்ந்து கவரில் மண் நிரப்பும் வேலை இருக்கிறது. ஓய்வு வயது வரும்வரை அதற்கு மாற்றினால் போதும். எஸ்டேட்டில் பேர் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு இருக்கும். கணவன் பாலு சோலூர்ப் பக்கம் காரட் பிடுங்கும் தினக்கூலி, மகள் ஜீவிதா கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். விஜயாவின் பேர் போனால் அந்த இரண்டு அறையும் போய்விடும்.

மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்தார். "எலும்பு நல்லாத்தானே இருக்கு? நர்சரிக்கு ஆசப்படுறவங்க முப்பது பேர் வரிசைல நிக்கிறாங்கம்மா. கையில ஏதாவது இருக்குன்னு ஒரு பேப்பர் கொண்டு வாங்க, மாத்தித் தரேன்."

கையில் ஏதோ இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது என்ன என்றுதான் யாராவது சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை. நிரையில் பின்தங்கினாள். அவள் விட்ட நிரையை மற்றவர்கள் முடிக்க வேண்டியிருந்தது. "கம்பளி போத்திட்டுத் தூங்கறதுக்கு மட்டும் கை நல்லாருக்குது" என்று ஒருத்தி சொன்னாள். அப்போது பக்கத்தில் நின்ற பாலாமணி வேறு நிரையைப் பார்க்கப் போய்விட்டாள். பாலாமணி இப்போது மேஸ்திரி ஆகியிருந்தாள், அந்த டிவிஷனின் முதல் பெண் மேஸ்திரி. இசக்கிமுத்து உயர்வு கிடைத்து ஆபீசுக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் அந்தப் பலகைதான் ஏணி.

ஒரு கட்டத்தில் விஜயாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. படம் பொய் சொல்லுமா? நாம்தான் சோம்பேறியாகிவிட்டோமோ? அடுப்படியில் உட்கார்ந்து கையை மடக்கி மடக்கிப் பார்ப்பாள். 'டக்.' இதுகூடவா மனசில் கேட்கிற சத்தம்?

"ஏண்டி, அது எனக்கும்தான் கேக்குது" என்றான் பாலு. "எனக்கென்ன, நானும் உங்கூடச் சேர்ந்து நடிக்கறனா? கெளம்பு, ஊட்டிக்குப் போலாம்."

பதினாறு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, ஊட்டி ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் வரிசையில் நின்றார்கள். டாக்டர் பிரியா சின்ன வயசு. பழைய ரிப்போர்ட்டை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இது கெடக்கட்டும். என்ன வேலைம்மா செய்றீங்க?"

"கொழுந்து வெட்டறதுங்க. கத்தரியில."

"எப்படிப் பிடிப்பீங்க? காட்டுங்க."

விஜயா சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரோரம் இரண்டு கட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, கால் முறிந்தவர்கள் ஊன்றி நடப்பவை. அவற்றின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் பிடித்துக் கத்தரிபோலச் சேர்த்தாள். இறுக்கினாள். 'டக்.'

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அவளை எதிரில் உட்காரவைத்து, முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னார். உள்ளங்கை தொடங்கும் இடத்தில், கட்டைவிரல் பக்கம் ஒரு சின்ன எலும்பின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே விஜயாவின் கையைச் சுண்டுவிரல் பக்கமிருந்து கட்டைவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தார். வலி தோள்வரை பாய்ந்தது. அழுத்திய விரலை எடுத்ததும் எலும்பு தானாகவே இடத்துக்குத் திரும்பி விழுந்தது. இடது கையிலும் அதையே செய்தார். அதில் ஒன்றுமில்லை.

"மறுபடி படம் எடுக்கணும். ரெண்டு கையும். ஆனா இந்தத் தடவ முஷ்டிய நல்லா இறுக்கிப் பிடிங்க. வலிச்சாலும் விடக்கூடாது."

படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்குள் எட்டு சின்ன எலும்புகள், இரண்டு வரிசை, கூழாங்கல்லை அடுக்கினதுபோல. இடது கையில் எல்லாம் ஒட்டி உட்கார்ந்திருந்தன. வலது கையில் கீழ்வரிசையில் இரண்டு எலும்புக்கு நடுவே, முன்பல் விழுந்த வாய்போல, கறுப்பாக ஒரு சந்து.

"இந்த ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கற நார் அறுந்துபோச்சு. கை சும்மா இருக்கும்போது ரெண்டும் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். நீங்க இறுக்கிப் பிடிச்சாத்தான் விலகும். அவங்க சும்மா இருந்த கையப் படம் எடுத்திருக்காங்க. வேலை செய்யற கைய எடுக்கல."

விஜயா அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தப்போ இங்க முண்டிக்கிட்டு நின்னுதா? விரல் மரத்துதா?"

"ஆமாங்க."

"யாராவது இழுத்து விட்டாங்களா?"

"ஆமாங்க."

"எலும்பு உள்ள போயிடுச்சு. நார் எப்படிம்மா ஒட்டும்?" டாக்டரின் குரலில் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. "உடனே வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்போ எலும்பு ஒண்ணோட ஒண்ணு உரசித் தேய ஆரம்பிச்சிருச்சு. ஆபரேஷன் பண்ணிச் சில எலும்புகளச் சேத்துக் கட்டலாம், வலி கொறையும். ஆனா கை பழையபடி மடங்காது. கத்தரி இனிமே எப்பவும் பிடிக்கக் கூடாது."

எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக் கொடுத்தார். எலும்பு நழுவி ஏறிய பழைய காயம், கையை ஊன்றி விழுந்ததால் வந்திருக்கலாம், மூட்டு நிலையாக இல்லை, இறுக்கிப் பிடிக்கும் வேலைக்குத் தகுதியில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் விஜயா படத்தை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மறுபடி எடுத்தாள். பெர்ன்ஹில் தாண்டுவதற்குள் நாலு தடவை.

"தன் கையில பொத்தல் இருக்குன்னு சந்தோஷப்படற ஒரே ஆளு நீதாண்டி" என்றான் பாலு.

"இருக்குதுல்ல? நான் பொய் சொல்லலதானே?"

"இருக்குது, இருக்குது. உள்ள வை, பக்கத்து ஆளு பாக்கறான்."

அவள் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது.

மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், அவர் பக்கத்தில் இசக்கிமுத்து, சுவரோரம் பாலாமணி. பலகையில் அன்று 989. ஆயிரம் ஆனால் ஆளுக்கொரு குக்கர்.

"பேப்பர் கொண்டு வந்துட்டீங்க, சரி" என்றார் மேனேஜர். "தோட்டத்துல விழுந்தேன்னு சொல்றீங்க. ரிஜிஸ்டர்ல இல்லையே?"

"எழுதலீங்க சார். கம்பளிக்கு எட்டு நாள் இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னேன்."

"டிஸ்பென்சரி புக்குல வீட்டு வாசல்ல வழுக்கினதுன்னு இருக்கு. நீங்களே சொன்னதுதானே?"

"சொன்னேங்க. அது பொய்யுங்க."

"அப்ப பொய், இப்ப நிஜம்." மேனேஜர் சுவரில் மாட்டியிருந்த கம்பளிப் போட்டோவைக் காட்டினார். "நீங்க சொல்ற தேதிக்கு எட்டு நாள் கழிச்சு எடுத்தது. முதல் வரிசை. கை நழுவினவங்க இப்படித்தான் சிரிப்பாங்களா?"

"சிரிக்கச் சொன்னாங்க சார்."

இசக்கிமுத்து குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணியக்காவக் கேளுங்க சார்" என்றாள் விஜயா. "அவங்கதான் இழுத்து விட்டாங்க. அவங்க கைதான் எலும்ப உள்ள வச்சுது."

பாலாமணி சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். சொன்னால் 989 பூஜ்யமாகும், குக்கர் போகும், மறைத்ததற்காக மேஸ்திரி வேலையும் போகும். விஜயாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் பாலாமணி சொல்வாள் என்றுதான் நினைத்தாள். முப்பது வருஷம் பக்கத்து நிரை.

"எனக்கு அப்படி எதும் ஞாபகம் இல்லீங்க சார்" என்றாள் பாலாமணி.

மேனேஜர் முடிவைச் சொன்னார். விபத்து தோட்டத்தில் நடந்ததற்கு ஆதாரம் இல்லை, அதனால் மாற்று வேலை கொடுக்க எஸ்டேட்டுக்குக் கடமை இல்லை. கத்தரி பிடிக்கத் தகுதியில்லை என்று டாக்டரே எழுதிவிட்டார், அதனால் கத்தரி வேலையிலும் வைக்க முடியாது. படத்தில் ஒன்றுமில்லாதவரை அவள் நடிப்புக்காரி. ஆனால் பேர் இருந்தது. சந்து தெரிந்ததும் பேர் போனது. லைன் வீட்டைக் காலிசெய்ய மே மாதம்வரை தவணை.

சோலூரில் பாலு ஒரு தகர ஷெட்டை ஏற்பாடு செய்தான். காரட் கழுவும் இடத்துக்குப் பின்னால். சாமான் ஏற்ற வண்டி வரும் அன்று காலை, வாசலில் மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு விஜயா நின்றாள். கம்பளியும் ஒரு மூட்டையில் இருந்தது. தூக்கி எறியத்தான் நினைத்தாள். சோலூரில் குளிர் அதிகம்.

மஸ்டருக்குப் போகிற வழியில் பாலாமணி வந்து நின்றாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"எங்கூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது புள்ள. இது சும்மாதான் கெடக்குது. நீ வச்சுக்க."

புதுக் குக்கர். பெட்டிகூடப் பிரிக்கவில்லை. பாலாமணி அதை மூட்டையின்மேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க மேஸ்திரியம்மா" என்றாள் விஜயா.

"மேஸ்திரியம்மாவா? விஜி, என்ற பொழப்பு..."

"எடுத்துட்டுப் போங்கன்னேன்."

பாலாமணி நகரவில்லை. விஜயா தானே பெட்டியைத் தூக்கி அவளிடம் நீட்டினாள். கோபத்தில் வலது கையால் இறுக்கிப் பிடித்தாள். எலும்பு விலகியது. பெட்டி சிமென்ட் வாசலில் விழுந்து, உள்ளே பாத்திரம் அடிபடும் சத்தம் கேட்டது. விஜயா கையை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாலாமணி எதுவும் யோசித்ததாகத் தெரியவில்லை. முன்னால் மண்டியிட்டாள். அந்தக் கையை எடுத்துத் திருப்பினாள். விரல்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அவள் கட்டைவிரல் எங்கும் தேடவில்லை, தடவிப் பார்க்கவில்லை, நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுத்தியது. 'டக்.'

இரண்டு பேரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இருக்குது போல" என்றாள் விஜயா.

பாலாமணி கையை விட்டாள். கீழே மஸ்டருக்குச் சங்கு ஊதியது. நேரமாகிவிட்டால் அவளுக்கும் பேர் வெட்டுவார்கள். அவள் எழுந்து, கண்ணைத் துடைக்காமல், சரிவில் வேகமாக இறங்கிப்போனாள். பலகையில் அன்றைய எண்ணை எழுத வேண்டியவள் இப்போது அவள்தான்.

பாலு வண்டியோடு வந்தபோது குக்கர் பெட்டி வாசலிலேயே கிடந்தது.

"இது யாருது?"

"நம்மளுது இல்ல" என்றாள் விஜயா. இடது கையால் ஒரு மூட்டையைத் தூக்கினாள்.